பத்துக் கதவு வீடு

1997 ஜூன் 12, வியாழன்

சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. இன்று கிளினிக்கில் எனக்கு மொழிபெயர்க்கும் வேலை. டொக்டர் அம்மா சிங்களவர், நோனா என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்குத் தமிழ் தெரியாது. நோயாளி லெட்சுமி, எஹலியகொடப் பக்கம் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். புருஷன் செத்ததிலிருந்து ஒரு மாதமாக யாரோடும் பேசவில்லை. இன்றைய சோதனை சரியில்லை என்றால் கொழும்பு மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

ஒரு வீடு வரையச் சொன்னார் நோனா. லெட்சுமி நீளமாக ஒரு கூரை போட்டு, அதன் கீழே பத்துக் கதவு வரைந்தாள். சன்னல் ஒன்றுகூட இல்லை. நோனா புத்தகத்தைப் புரட்டினார். பத்துக் கதவைப் பற்றி அதில் நல்லதாக எதுவும் இல்லை போலிருக்கிறது.

"மனம் ரொம்பக் குழம்பியிருக்கிறது" என்றார்.

"குழப்பம் இல்லை நோனா, இது லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பரா, பத்துக் குடும்பம். தோட்டத்தில் வீடு இப்படித்தான்" என்றேன்.

அவர் நம்பவில்லை. தன் வீட்டையே வரைந்து காட்டினார். ஒரு கதவு, நான்கு சன்னல், சுற்றிலும் மதில்.

லெட்சுமி அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாய் திறந்தாள்.

"ஐயோ பாவங்க. பக்கத்துல ஒரு காம்பராகூட இல்லியா? நோனா அழுதா யாருங்க கேப்பா?"

நான் அப்படியே சிங்களத்தில் சொன்னேன். நோனா புத்தகத்தை மூடிவிட்டு, "நீ அழுதபோது யார் கேட்டார்கள்?" என்றார். அதன்பின் அரைமணி நேரம் லெட்சுமி அழுதாள், பேசினாள். என்னால்தான் ஈடுகொடுக்க முடியவில்லை.

வீட்டுக்குப் போகலாம், இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று நோனா துண்டு எழுதினார்.

வாசலில் லெட்சுமி என்னைக் கூப்பிட்டாள். "நோனாவ ஒரு நாளைக்கு லயத்துக்குக் கூட்டியாங்கய்யா. தனியா கெடக்குறாங்க."

இதை இன்னும் மொழிபெயர்க்கவில்லை. காலையில் முதல் வேலை அதுதான்.