மணி தெரியாத இரட்சிப்பு

அன்பு மகள் கொகுஹிர்வாவுக்கு, கபாலே மலையிலிருந்து அப்பா எழுதுவது. கர்த்தரின் சமாதானம் உன்னோடு இருப்பதாக.

நம் சபை மூப்பர்கள் காலைக் கஞ்சிக்குப் பின் கூடி, மாடு கறக்கும் நேரம்வரை ஆராய்ந்து, வரலாற்றில் நிற்கத்தக்க ஒரு முடிவை எடுத்திருக்கிறார்கள். பாவத்தை அறிக்கை செய்து சபைமுன் சாட்சி சொல்பவர்கள் இனி இரட்சிக்கப்பட்ட தேதியோடு மணியையும் சொல்ல வேண்டும். கடிகாரம் இல்லாதவர்கள் வெயிலை வைத்துச் சொல்லலாம்.

அதன் வால் உன் கல்யாணத்தில் மாட்டிக்கொண்டது. தேதி இல்லாதவர் மணப்பெண்ணைக் கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்து வரக் கூடாதாம்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மூப்பர் கடாபாஸி என்னை எழுப்பி நிறுத்தினார். “வாத்தியாரே, ஊருக்கே வேதம் சொல்லிக் குடுக்கிறீங்க. நீங்க மறுபடியும் பொறந்தது என்னிக்கு?” என்றார். எனக்கு அப்படி ஒரு நாள் இல்லை. என் அம்மா என்னை முதுகில் கட்டிக்கொண்டு ஜெபித்த காலம் முதலே கர்த்தர் என்னோடு இருக்கிறார். வானமும் பூமியும் உண்டாகும் முன்பே இருந்தவர், எல்லாவற்றையும் உண்டாக்கியவர், எனக்குள்ளும் உயிர் வைத்தார் என்றேன். “அது என்ன கிழமை?” என்றார் மூப்பர். “கிழமையையே அவர் அப்புறம்தானே உண்டாக்கினாரு” என்றேன். பெண்கள் பக்கம் சிரித்துவிட்டார்கள். அதோடு என் வழக்கு முடிந்தது.

உன் அம்மாவுக்கு இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று அடுத்த வீட்டு அவரையைத் திருடியதற்கு அழுது அறிக்கை பண்ணிய நாள். மற்றது அந்தச் சாட்சியை நினைத்துப் பெருமைப்பட்டதற்கு. ஒன்றைக் கடனாகத் தர முடியாதாம். யோசனை தந்தாள்: “ஏதோ ஒரு தேதியைப் பொய்யாச் சொல்லிடுங்க. அடுத்த வாரம் ‘பொய் சொன்னேன்’னு எல்லார் முன்னாடியும் அழுது அறிக்கை பண்ணுங்க. அப்ப நெஜமாவே ஒரு தேதி கெடச்சிடும்ல?”

அதில் ஓட்டை தேடினேன், கிடைக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. ஆனால் தேதி சொன்னால், அதற்கு முன் அவர் எனக்குள் இல்லை என்று சொன்னவனாவேன். சொல்லாவிட்டால் கதவு மூடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான், மகளே.

நீ யாரோடும் சண்டை போடாதே. தொடக்கம் இல்லாதவர் உங்கள் இருவருக்குள்ளும் தம் உயிரை ஊற்றட்டும். கோயிலுக்குள் போகுமுன் வெளியே தைல மரங்களின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார், நான் அங்கே நிற்பேன்.

உன் அப்பா,
எரிசா

பி.கு.: உன் சித்தப்பாவுக்குத் தேதியும் இருக்கிறது, மணியும் இருக்கிறது. உன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த என் கோட்டைப் போட்டுப் பார்த்தான், சரியாக இருக்கிறது.