அக்காவின் முனை

மார்ச் 3, செவ்வாய்

இன்று வேலை நேரத்தில் அக்கா சிரித்தாள். நான் சொன்ன எதற்காகவும் இல்லை. சும்மா, தானாக.

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் நாங்கள் இருவரும் மடிப்பு ஜோடி. படுக்கை விரிப்பின் ஒரு முனை அவளுக்கு, மறுமுனை எனக்கு. உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். எதிரில் நிற்பவளின் மனசு துணி வழியாகவே கைக்கு வந்துவிடும். புருஷன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து இரண்டு வருடம் அக்காவின் முனை செத்துக் கிடந்தது. அவள் பங்கையும் சேர்த்து நான்தான் இழுத்தேன். இப்போது சுண்டி இழுக்கிறாள்!

எல்லாம் அவள் புதன்தோறும் காலையில் போய்வரும் அந்தப் பிரார்த்தனைக் கூடம் செய்த வேலை.

மார்ச் 4, புதன்

எங்களுக்கு வார விடுமுறை. அக்கா காலையிலேயே குளித்து, தலை வாரி, கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

"நீயும் வாயேண்டி."

"நான் வந்தா சூப்பர்வைசர் திருந்திடுவாரா?"

"அவரு திருந்த வேணாம். எனக்குத் தூக்கம் வருது, அது போதும்."

ஒரே அறை, ஒரே ஈரச் சுவர், ஒரே பிளீச்சிங் பவுடர் தின்ற கைகள். எங்களைப் பிழிந்தெடுப்பவர்கள் மேலே குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவள் கண்ணை மூடி நன்றி சொல்கிறாள். யாருக்கு? எதற்கு?

மார்ச் 8, ஞாயிறு

உண்மையை எழுதிவிடுகிறேன். என் கோபம் கடவுள்மேல் இல்லை.

இரண்டு வருடம் அவளோடு கிடந்தேன். சினிமாவுக்கு இழுத்துப் போனேன். சாப்பிட மாட்டேன் என்றபோது ஊட்டிவிட்டேன். அந்த ஆளை அவளுக்கும் சேர்த்து வாய் வலிக்கத் திட்டினேன். தலைகீழாக நின்றும் எனக்குக் கிடைக்காத சிரிப்பை, முன்பின் தெரியாத நாலு பேர் ஒரு பாயில் உட்கார்ந்து மூன்றே மாதத்தில் வாங்கிவிட்டார்கள்.

பொறாமை. வேறு பெயர் தேடவேண்டியதில்லை.

மார்ச் 10, செவ்வாய்

சூப்பர்வைசர் வந்தார். "புதன்கிழமை காலையில ஆள் பத்தல. இனிமே வாராவாரம் உங்கள்ல ஒருத்தர் வரணும். லீவை வேற நாள் எடுத்துக்கலாம். யாரு வர்றீங்க?"

அக்கா கை கழுவப் போயிருந்தாள்.

"அக்கா வருவா" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது — இல்லை, பொய். தெரிந்தேதான் சொன்னேன். அவளிடம், "அவரே உன் பேரைப் போட்டுட்டாருக்கா" என்றேன். நம்பிவிட்டாள்.

மார்ச் 11, புதன்

அவள் வேலைக்குப் போனாள். நான் நிம்மதியாகத் தூங்கலாம் என்று படுத்தேன். தூக்கம் வரவில்லை.

மார்ச் 26, வியாழன்

அக்காவின் முனை மறுபடியும் தளர்ந்துவிட்டது. நான் கேட்டது இதைத்தானே?

"அக்கா, படம் பாக்கப் போலாமா?"

"நீ போ."

சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பழைய அக்கா திரும்பி வந்தால் என்னிடம் வருவாள் என்று கணக்குப் போட்டேன். பழைய அக்கா வந்துவிட்டாள். என்னிடம்தான் வரவில்லை.

மார்ச் 28, சனி

புதன்கிழமை வேலையை வேறு நாளுக்கு மாற்றித் தரச் சொல்லி அக்கா சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறாள். "உன் பேரைக் குடுத்ததே உன் தங்கச்சிதானேம்மா" என்று அவர் போட்டு உடைத்துவிட்டார்.

நேராக வந்தாள். என் கையிலிருந்த விரிப்பைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள்.

"வயித்தெரிச்சல் புடிச்சவளே! நான் நல்லா இருந்தது உனக்குப் பொறுக்கலையாடி?"

"ஆமா, பொறுக்கல! ரெண்டு வருஷம் உன்கூடவே கிடந்தேனே, எனக்கு ஒரு சிரிப்புக் குடுத்தியா நீ?"

இஸ்திரி மெஷின்காரி அங்கிருந்து கத்தினாள்: "அடியே, உங்க சண்டைய வீட்டுல வெச்சுக்குங்க! துவைச்ச துணிடி அது!"

வீட்டுக்கு நடக்கும்போது அக்காவாகவே பேசினாள். என் முகத்தைப் பார்க்காமல்.

"உன் முன்னாடி நான் எப்படி அழுவேன்? நான் ஒரு சொட்டு விட்டா நீ குடம் குடமா அழற. இல்லேன்னா அவனை வெட்டப் போறேன்னு குதிக்கிற. உன்னைத் தேத்துறதே எனக்குப் பெரிய வேலையாப் போச்சு. அங்க அழுதா யாரும் பதற மாட்டாங்க. தண்ணி குடுத்துட்டுச் சும்மா உக்காந்திருப்பாங்க. அப்புறம்தான்டி சாமி, பாட்டு எல்லாம்."

வீடு வரை அவளுக்குப் பின்னாலேயே நடந்தேன்.

மார்ச் 30, திங்கள்

புதன்கிழமைகளில் நான் வருவதாகச் சூப்பர்வைசரிடம் சொன்னேன். "அக்காளும் தங்கச்சியும் என்னை வெச்சு விளையாடுறீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்ல ஆசை.

ஏப்ரல் 1, புதன்

எதிர்முனையில் இஸ்திரி மெஷின்காரி. துணியையா இழுக்கிறாள்? தோள்பட்டை கழன்றுவிட்டது.

ஏப்ரல் 9, வியாழன்

நேற்றும் அக்கா கூடத்துக்குப் போய் வந்தாள். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சமைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. எனக்கு இன்னும் நம்பிக்கையும் வரவில்லை, பொறாமையும் போகவில்லை.

இன்று மடிக்கும்போது, இத்தனை நாளில் முதல் தடவையாக, "நேத்து அங்க என்ன பேசினே?" என்று கேட்டேன்.

அவள் விரிப்பை ஒரு தடவை உதறினாள். பிறகு, அந்த ஆள் கிளம்பிப் போன அன்று காலை நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். எனக்குத் தெரியாத கதை. அவன் சட்டைக்கு இவள் பொத்தான் தைத்துக் கொடுத்திருக்கிறாள். அதைப் போட்டுக்கொண்டுதான் போயிருக்கிறான். சொல்லும்போதே குரல் உடைந்தது. கண்ணீர் விரிப்பில் விழுந்தது.

எனக்கு வசவு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவும் இல்லை. துணி தளராமல் என் முனையைப் பிடித்தபடி நின்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்னடி, அவனை ஒண்ணும் திட்டலியா?"

"நீ சொல்லி முடி, அக்கா."