உன் காதில் கேட்ட பிரேக் சத்தம்

போன வாரம் இருங்காட்டுக்கோட்டையில் சிக்னலுக்காக நின்றிருந்தபோது, பக்கத்தில் பைக்கில் வந்தவர் என் கார் கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன். ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை என்று தெரிந்ததும் குனிந்து, கிட்டே வந்து கத்தினார்.

"பிரேக்கு கத்துது சார்! அந்த முனையிலேர்ந்து கத்திகினே வர்றீங்க, தெரியலையா?"

தெரியவில்லை. எத்தனை நாளாகக் கத்துகிறது என்பதும் தெரியவில்லை. நீ போன பிறகு என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் சொல்லியிருப்பார்கள். வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கியபோது முன்பக்கமிருந்து தீய்ந்த வாசனை வந்தது. மூக்கு மட்டும் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது எனக்கு.

தகட்டை அடித்துக் கார் கதவாக்கும் பிரஸ் ஷாப்பில் என் வேலைக்காலம் முழுவதும் போயிற்று. அந்த இரைச்சலில், கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் காதை விட்டுப் போயின. அதை முதலில் கண்டுபிடித்தவள் நீ. குக்கர் விசிலடித்துக்கொண்டே இருக்க, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேனாம். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நீ ஓடிவந்து அடுப்பை அணைத்தாய். பிறகு எனக்குப் பின்னால் நின்று வளையலை ஆட்டிப் பார்த்தாய். நான் திரும்பவில்லை.

"இன்னாய்யா இது?" என்றாய். அது கேட்டது.

உனக்குக் கட்டைக் குரல். பள்ளிக்கூடத்தில் ஆம்பளைக் குரல் என்று கேலி செய்வார்கள் என்று சொல்லியிருக்கிறாய். மற்றவர்கள் பேச்செல்லாம் பாதியாய்த் தேய்ந்த பிறகும் உன் பேச்சு எனக்கு முழுசாக வந்தது. காது மெஷின் வாங்கிக்கொள்ளச் சொல்லி எத்தனை முறை கேட்டிருப்பாய். "அதான் நீ கீறியே" என்று சொல்லிச் சொல்லியே தட்டிக்கழித்தேன்.

இந்தப் பழைய காரை வாங்கிய புதிதில் ஒருநாள், மறைமலை நகரில் உன் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில், என் தொடையில் ஒரு அடி போட்டாய்.

"காரு பூனைக்குட்டியாட்டம் கத்திகினு கீது, நீ பாட்டுக்கு ஓட்டிகினு போற?"

மறுநாள் ஞாயிறு. நம் தெருவில் நான் வண்டியை மெல்ல உருட்டி உருட்டிப் பிரேக் போட, நீ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே நடந்து வந்தாய். ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். நீ அவர்களைக் கையமர்த்திச் சும்மா இருக்கச் சொன்னாய். "முன்னாடி. லெஃப்ட்டு," என்று தீர்ப்புச் சொன்னாய். கழற்றிப் பார்த்தால் அதேதான். அன்றிலிருந்து கை என்னுடையது, காது உன்னுடையது என்று ஆனது. காலையில் பனி ஈரத்தில் கொஞ்சம் கத்தி, ரெண்டு பிரேக்கில் அடங்கிவிட்டால் "அது ஒண்ணும் இல்ல, வுடு" என்பாய். விடாமல் கீச்சிட்டால் பூனைக்குட்டி. கரகரவென்று வந்தால் "தட்டைக் கரண்டியால சொரண்டுது, இதுக்கு மேல ஓட்டாத" என்பாய். மெக்கானிக் கடைக்கு நாம் போனதே இல்லை.

இந்த முறை மாடி வீட்டில் குடியிருக்கும் இசக்கியம்மாளைக் கேட்டேன். தென்காசிப் பக்கம். அவளுக்கும் கணவனுக்கும் வேறு வேறு ஷிப்ட். ஒருவர் வர ஒருவர் போவார். வாரவிடுமுறைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இறங்கி வந்து, நீ நடந்த மாதிரியே காரோடு நடந்தாள்.

"சத்தம் வரத்தான் செய்யுது அங்கிள். ஆனா எல்லாப் பக்கமும் கேக்க மாதிரி இருக்கு. எந்த வீல்னு சொல்லத் தெரியலையே."

"பூனைக்குட்டி மாதிரியா, கரண்டியால தட்டு சொரண்ற மாதிரியா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, "பூனைக்குட்டி" என்றாள்.

பக்கத்தைக் கண்டுபிடிக்க வேறு வழி பார்த்தேன். வண்டியைக் கொஞ்சதூரம் ஓட்டிவந்து நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் எதிரே உள்ளங்கையைக் காட்டினேன். முன்பக்கம் வலது சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தது. ஆறவிட்டு, ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினேன். சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பேடுகளில், வெளிப்பக்கத்தது நன்றாகவே இருந்தது. உள்பக்கத்தது தேய்ந்து, கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. அவற்றைத் தாங்கும் இரும்புப் பிடி உள்ளும் வெளியும் நகர ஆணி மாதிரி ஒரு பின் உண்டல்லவா, அது காய்ந்து இறுகிக் கிடந்தது. அதனால் பிரேக்கை விட்ட பிறகும் ஒரு பேடு தட்டை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்தப் பின்னைத் தேய்த்துத் துடைத்து கிரீஸ் பூசினேன். கருப்புத் தூசியை ஈரத்துணியால் எடுத்தேன். ஊதப் போனால் "நெஞ்சுல போய் ஒக்காரும்யா" என்று கத்துவாய். இப்போது கத்த ஆளில்லை, ஆனாலும் ஊதவில்லை. புதுப் பேடுகளை இரண்டு முன்சக்கரத்துக்கும் மாட்டினேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும். சீக்கிரமே முடிந்துவிடும் வேலைதான். மதியம்வரை இழுத்தது. ஸ்பேனரைக் கேட்டுக் கையை நீட்டுவேன், யாரும் தரமாட்டார்கள். எழுந்து போய் எடுத்துவருவேன். பேடு மாற்றியதும் பிரேக்கைப் பலமுறை அழுத்திக் கெட்டிப்படுத்த வேண்டும். நீ சீட்டில் உட்கார்ந்து அழுத்திக்கொண்டே "போதுமா, போதுமா" என்பாய். நானே ஏறி உட்கார்ந்து அழுத்தினேன். கால் முதலில் அடிவரைக்கும் போய், பிறகு மெல்ல மெல்ல இறுகியது. போதும் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

இசக்கியம்மாளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடிகளை இறக்கி, நெடுஞ்சாலை வரைக்கும் போய்த் திரும்பினேன். வேகத்தடைக்கு வேகத்தடை பிரேக் போட்டேன்.

"சத்தமே இல்ல அங்கிள்."

"நல்லா கேட்டியாமா?"

"சத்தியமா இல்ல. நான் எதுக்குப் பொய் சொல்லுதேன்?"

அவள் சொன்னதைத்தான் நம்ப வேண்டும். எனக்கு அன்று காலையிலும் சத்தமில்லை, இப்போதும் சத்தமில்லை. அவளை இறக்கிவிட்டு, வண்டியை அணைக்காமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன்னைக் காட்டப் போன ஆஸ்பத்திரி நினைவுதான் வந்தது.

அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். முகக்கவசம் போட்டிருந்தார். உதட்டைப் பார்த்தாவது பாதி புரிந்துகொள்வேன், அதுவும் இல்லை. உன் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பேனாவால் ஒரு இடத்தைச் சுற்றிக் காட்டி, நீளமாகப் பேசினார். நடுவில் என்னை ஒருமுறை பார்த்தார். நீ தலையாட்டிக்கொண்டே இருந்தாய். கடைசியில் தணிந்த குரலில் ஏதோ கேட்டாய். அவர் படத்தை உறைக்குள் போட்டுவிட்டுப் பதில் சொன்னார். நீ பேசி எனக்குக் கேட்காமல் போனது வாழ்க்கையில் அந்த ஒன்றுதான். பிறகு என் பக்கம் திரும்பி, எப்போதும் பேசும் கட்டைக் குரலில் சொன்னாய்.

"ஒண்ணுமில்லையாம். மாத்திரை சாப்ட்டா சரியாப் பூடுமாம்."

"அவ்ளோ நேரம் பேசினாரே?"

"டாக்டருங்க அப்டித்தான், சொன்னதையே சொல்லுவாங்க. வா, பசிக்குது."

திரும்பும் வழியில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஓரம் வண்டியை நிறுத்தச் சொன்னாய். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். காற்றுக்காக நிற்கிறாய் என்று நினைத்தேன். மறுபடி ஏறியதும், "பிரேக்கு நல்லா கீது. இன்னும் ஒரு வருசத்துக்குக் கை வெக்காத," என்றாய். மழைக்காலம் முடிவதற்குள் நீ இல்லை.

டாக்டர் அன்றைக்கு என்ன சொன்னார் என்று பிறகு போய்க் கேட்டிருக்கலாம். அந்த ஆஸ்பத்திரி வழியாகத்தான் அடிக்கடி போகிறேன். ஒருமுறை உள்ளே போய், டோக்கன் தரும் இடத்தில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் சொன்னது உனக்குச் சொன்னது. எனக்கு நீ சொன்னது, மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்பது. அது இன்னும் உன் குரலிலேயே, ஒரு எழுத்துக்கூடத் தேயாமல் எனக்குக் கேட்கிறது.