ஓர் ஒற்றெழுத்துப் பிழை

அக்கா,

உன் புது வீட்டுக்கு வந்த அன்று உன்னைப் பார்த்தும் சிரிக்காமல் கடந்து போனேன் என்று ஐந்து மாதமாக நீ என்னோடு பேசவில்லை. "அவளுக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சுடா" என்று தம்பியிடம் சொன்னாயாம்.

அன்று உன் பளிங்குத் தரை படகு மாதிரி ஆடியது. திரும்பினால் விழுந்துவிடுவேன் என்று சுவரையே பார்த்து நடந்தேன். இதுவும் ஒற்றைத் தலைவலியில் ஒரு வகை என்கிறார் மருத்துவர். வலியே இல்லாமல் தலைசுற்றலாகவும் வருமாம். ஸ்கேனில் எதுவும் தெரியாது. "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க?" என்று முதலாளி கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

அச்சகத்தில் பதினெட்டு வருடமாகப் பிழை திருத்துகிறேன். 'வாழ்த்துகள்' என்பதில் 'க்' வருமா என்று எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். நேற்று அதே சொல்லைப் பத்து நிமிடம் வெறித்தேன்; எந்த மொழி என்றே பிடிபடவில்லை. ஆத்திரத்தில் தாளைக் கிழித்துப் போட்டேன். இந்தக் கடிதத்துக்கே நான்கு நாளாகிவிட்டது.

ஆனாலும் நீ சொன்னதில் இருக்கும் பிழை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அந்த 'க்'கை மட்டும் எடுத்துவிடு, அக்கா. எனக்கு இருப்பது தலை கனம்தான்.

அடுத்த முறை சிரிக்காமல் போனால் முதலில் என் கையைப் பிடி. பிறகு திட்டு.

சுவரைப் பிடித்தபடி,
உன் தங்கை