இரண்டாம் மேசைக் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது

நவ. 4, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். படப்பை தாண்டவே அரை மணி நேரம். கம்பெனி பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கம். எனக்குக் கடைவாய்ப் பல்லில் குத்தல்.

வெங்கட் சார் புது வேலை கொடுத்தார். (எங்கள் ஐ.டி. பிரிவுக்கு அவர்தான் தலைவர். பிரிவு என்றால் அவரும் நானும்.) பேக்கிங் பகுதியில் மூன்று மேசை. ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேபிள் பிரிண்டர். எல்லாம் விண்டோஸ் பத்து. அதற்கு இனி அப்டேட் கிடையாது. அடுத்து எதற்கு மாறுவது? ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து அறிக்கை.

மேசை 1: பழைய பத்து, அப்படியே.
மேசை 2: விண்டோஸ் பதினொன்று.
மேசை 3: லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்று, இலவசம்).

எது தடங்கல் இல்லாமல் ஓடுகிறது, எது ஆபரேட்டருக்கு எளிது. இவ்வளவுதான் கேள்வி.

அங்கே நடக்கும் வேலையும் சின்னதுதான். கார்க் கதவுக்குள் போகும் ஒயர்க் கட்டு பெட்டியில் வரும். ஷிப்ட் தொடங்கும்போது சூப்பர்வைசர் பாஸ்கர் திரையில் பாகத்தைத் தேர்ந்தெடுப்பார். பிறகு பெட்டிக்கு ஒரு தடவை பட்டன், ஒரு லேபிள், ஒட்ட வேண்டியது. இடது கதவு லேபிளுக்கும் வலது கதவு லேபிளுக்கும் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். எல், ஆர்.

சாயங்காலத்துக்குள் 2, 3 தயார். பதினொன்று ஷிப்ட் நடுவில் ரீஸ்டார்ட் ஆகாதபடி நேரமும் குறித்தாயிற்று. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

நவ. 5, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

லினக்ஸ்: சட்டென்று திறக்கிறது. ஆனால் நம் பழைய பிரிண்டர் அதோடு பேச மாட்டேன் என்றது. காலை முழுக்க அதிலேயே போயிற்று. பேச வைத்த பிறகு ஒரு தடங்கலும் இல்லை.
பதினொன்று: பிரிண்டர் உடனே வேலை செய்தது. எழுத்துதான் பொடி.
பத்து: கிழம். திறக்க நாலு நிமிடம். ஆனால் எல்லோருக்கும் கை பழகியது.

இரண்டாம் மேசையில் முத்துமாரி. சங்கரன்கோவில் பக்கம். இருபத்திரண்டு வயது, கான்ட்ராக்டில் வந்தவள். கூப்பிட்டுச் சொன்னாள்: "யக்கா, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ன மாதிரி இருக்கு. கொஞ்சம் பெருசாக்கித் தருவியளா?"

பெரிதாக்கிக் கொடுத்தேன். "இப்பம் நல்லாருக்கு" என்று சிரித்தாள். அந்த லேபிள் புரோகிராமில் மட்டும் எழுத்து பெரிதாகவில்லை. பிறகு பார்க்கலாம் என்று விட்டேன்.

பல் டாக்டரிடம் போக வேண்டும். போகவில்லை.

நவ. 6, வியாழன்

மோசமான நாள்.

ஒரு மணிக்கு பாஸ்கர் போன். ஓடினேன். லாரியில் ஏற்றும் இடத்தில் சோதனை செய்தபோது நாற்பது பெட்டி பிடிபட்டிருக்கிறது. உள்ளே வலது கதவு, மேலே இடது கதவு லேபிள். எல்லாம் இரண்டாம் மேசை. எல்லாம் பத்தரை மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒட்டியவை.

பாஸ்கர்: "இன்னாமா பாத்துக்கினு இருந்த? நாப்பது பொட்டி! ஒண்ணு கூடவா கண்ணுல படல?"

முத்துமாரி: "சாப்புட்டு வந்து பாத்தேன்ணே, கம்ப்யூட்டரு அதுவா அணைஞ்சு அதுவா எந்திச்சுக்கிட்டு இருந்துச்சு. திரும்ப அதே பக்கந்தான் வந்துச்சு. நான் ஒண்ணுமே தொடலை."

"அதுவா எப்டிமா அணையும்?" என்று பாஸ்கர் என்னைப் பார்த்தார்.

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். "தெரியாம பவர் பட்டனை அமுக்கிட்டியா, முத்து?" என்று கேட்டேன். தினமும் நாலு பேராவது "அதுவா அணைஞ்சிடுச்சு" என்று சொல்லிக் கேட்ட பழக்கம்.

அவள் என்னையே பார்த்தாள்.

அவளது ஃபைலில் 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள். கான்ட்ராக்டர் ஆள் வந்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

நவ. 7, வெள்ளி

பலத்த மழை. பஸ் முக்கால் மணி தாமதம்.

வந்ததும் இரண்டாம் மேசைக் கம்ப்யூட்டரில், நடந்ததை அதுவே குறித்துவைக்கும் லாகைத் திறந்தேன். நேற்று 10.41: அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட். யாரும் பட்டனை அழுத்தவில்லை.

ஷிப்ட் நேரத்தில் ஆகக் கூடாது என்று நான்தானே குறித்தேன்? அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இரவு பத்து முதல் காலை ஆறு வரை. என் கையால் போட்டது. எப்போது ரீஸ்டார்ட் ஆகலாம் என்று கேட்கிறது என்று நினைத்துப் போட்டிருக்கிறேன். எப்போது ஆகக் கூடாது என்று கேட்டிருக்கிறது.

ஆகவே பகல் முழுக்க அதற்கு அனுமதி. ரீஸ்டார்ட் ஆனதும் லேபிள் புரோகிராம் தானே திறந்து, பட்டியலில் முதலில் இருக்கும் இடது கதவுக்குப் போய் நின்றிருக்கிறது. திரை முன்பிருந்த மாதிரியேதான். ஓர் எழுத்தைத் தவிர.

அவள் ஓர் எழுத்தைக் கவனிக்கவில்லை. நான் ஒரு வரியையே தலைகீழாகப் படித்திருக்கிறேன். அவள் வேலை போயிற்று. நான் கேன்டீனில் பொங்கல் சாப்பிட்டேன்.

வெங்கட் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. என் தம்பி காலேஜ் அட்மிஷனுக்கு அலைந்தவர்.

"ரிப்போர்ட்ல பதினொண்ணு ஸ்டேபிள் இல்லன்னு எழுதிடுமா. லினக்ஸுக்குப் போயிடலாம். யாரும் தோண்டிப் பாக்க மாட்டாங்க."

"முத்துமாரி சார்?"

"இந்த ஏரியால ஒரு வாரத்துல வேற கம்பெனி கிடைச்சிடும். உன் பேர் கெட்டா திரும்ப வராது."

மெயில் எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். 'கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. நேரத்தைத் தவறாகக் குறித்தது நான். ஆபரேட்டர் சொன்னது உண்மை.' லாகையும் சேர்த்து மேனேஜருக்கு, பாஸ்கருக்கு நகல். மூன்று மணிக்கு அனுப்பினேன். சார் இடத்துக்குப் போய்ச் சொன்னேன். "சரி, அனுப்பிட்ட இல்ல" என்றார். அப்புறம் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

நவ. 8, சனி

அரை நாள்தான். தூறல். ஷேர் ஆட்டோவில் வடக்குப்பட்டு. முத்துமாரி இருக்கும் அறை மாடியில். ஐந்து பெண்கள். கொடியில் நாலைந்து கம்பெனி யூனிபார்ம், காயாமல் வாடை.

வாசலிலேயே நின்று எல்லாம் சொன்னேன். ஒரு மூச்சில்.

"நான் சொன்னேம்லா" என்றாள்.

"ஆமா."

"அந்தண்ணன் ஏசுனதுகூட எனக்குப் பெருசா படலைக்கா. அவுகளுக்கு கம்ப்யூட்டர் தெரியாது. உங்களுக்குத் தெரியும்லா? நீங்களும் பட்டனை அமுக்கிட்டியான்னுதான கேட்டீய."

மன்னிச்சிக்கோ என்றேன். "உள்ள வாங்க, நனையுதீய" என்றாள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். தினமும் வேலைக்குப் போவதாகவே போனில் பேசுகிறாளாம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் திங்கட்கிழமை இன்டர்வியூ. முந்தைய கம்பெனியை ஏன் விட்டாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்றுதான் கவலை.

"திரும்பக் கூப்பிட்டா வருவியா?"

"அந்தப் பேப்பர்ல எழுதுனதை அடிக்கட்டும். அடிச்சதைக் கண்ணால பாத்துட்டுத்தான் வருவேன்."

நவ. 10, திங்கள்

வெயில். கூட்டம் பதினோரு மணிக்கு. மேனேஜர், வெங்கட் சார், பாஸ்கர், நான்.

மேனேஜர்: "நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, இல்ல?"

"ஆமா சார்."

எச்சரிக்கைக் கடிதம் தருவதாகச் சொன்னார். சரி என்றேன். முத்துமாரி ஃபைல் பற்றிப் பேச வாய் திறப்பதற்குள் பாஸ்கர் முந்திக்கொண்டார். எதிர்பார்க்கவில்லை.

"பார்ட் செலக்ட் பண்றது என் வேலை சார். சாப்ட்டு வந்து நானும் ஒரு தபா பாத்துக்கினு இருக்கணும். அந்தப் பொண்ணை மட்டும் புடிச்சிக்கினேன்."

ஃபைல் வந்தது. மேனேஜரே அந்த வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டார். போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பதில்: 'நாளைக்கு வாறேன்.'

இன்டர்வியூக்குப் போனாளா, கேட்கவில்லை.

நவ. 11, செவ்வாய்

அறிக்கை கொடுத்தாயிற்று. சுருக்கம்:

- மூன்றுமே தடங்கல் இல்லாமல் ஓடுகின்றன. ஒருமுறை நின்றது என் தவறால்.
- பத்து வேண்டாம். பாதுகாப்பு இல்லை.
- லினக்ஸ் வேகம். ஆனால் பிரிண்டர் மக்கர் பண்ணினால் நானோ சாரோ பக்கத்தில் இருக்க வேண்டும். சாயங்கால ஷிப்டில் யார் இருப்பது?
- பதினொன்றுக்கே மாறலாம். நேரம் குறித்தால் இரண்டு பேர் படித்துச் சரிபார்க்க வேண்டும்.
- எதற்கு மாறினாலும் லேபிள் புரோகிராமை மாற்றாமல் பயனில்லை. இடது, வலது என்று பெரிதாக, வேறு வேறு நிறத்தில். ரீஸ்டார்ட் ஆனால் எந்தப் பாகம் என்று கேட்டுவிட்டுத்தான் லேபிள் தர வேண்டும்.

நிறம் முத்துமாரி சொன்னது. காலையில் வந்ததும், மூன்றாம் மேசை தரட்டுமா என்று பாஸ்கர் கேட்டாராம். "ரெண்டுலயே உக்காருதேன்" என்றாளாம்.

ஷிப்ட் முடிந்ததும் என் இடத்துக்கு வந்தாள். "நீங்க நேரம் போட்ட பக்கத்தைக் காட்டுங்கக்கா, பாப்போம்."

திறந்து காட்டினேன். குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தாள். ஒரு முறைதான்.

"இந்த நேரத்துல ரீஸ்டார்ட் ஆவாதுன்னுதானக்கா போட்டிருக்கு?"

"ஆமா" என்றேன்.