கூரை வேண்டாமென்று வாங்கிய கார்

இன்று காலை தேவாரத்திலிருந்து ஒருவர் கார் பார்க்க வந்தார். மகனுக்குக் கல்யாணமாம். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் ஒன்று சொந்தமாகவே இருந்தால் பிறகு வாடகைக்கும் விடலாம் என்று அவருக்கு எண்ணம். குடோனைத் திறந்து படுதாவை இழுத்தேன். அவர் சீட்டில் கையை வைத்து அழுத்தியதும், எலி கடித்திருந்த தையல் வழியாக இலவம் பஞ்சு கிளம்பிக் குடோன் முழுக்கப் பறந்தது. என் தலையிலும் புருவத்திலும் ஒட்டிக்கொண்டது. "என்னம்மா, கார் சீட்டுல மெத்தப் பஞ்ச அடச்சு வச்சிருக்கீங்க?" என்றார். அதை என் வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது.

ஏங்க, வெளிநாட்டுக் காருக்கு இலவம் பஞ்சு அடைத்த ஒரே ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். சீட்டுக்குள் இருந்த பழைய ஸ்பாஞ்சு தொட்டால் மாவாக உதிர்ந்தது. கோயம்புத்தூரில் இதற்கென்றே ஆள் இருக்கிறார்கள் என்று மெக்கானிக் பாண்டி எவ்வளவோ சொன்னான். "போடியில பொறந்துட்டுப் பஞ்சுக்குக் கோயமுத்தூர் போகவா?" என்று சீட்டை மெத்தைக் கடைக்கு அனுப்பினீர்கள். திரும்பி வந்தது சீட்டு இல்லை, கல்யாண மெத்தை. உட்கார்ந்தால் இடுப்பு வரை உள்ளே இறங்கியது. ஸ்டியரிங்குக்கு மேலே எனக்கு வானம்தான் தெரிந்தது. நான் சிரித்த சிரிப்பில் உங்களுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அந்த வருடம் நம் வீட்டில் எந்தச் சிரிப்பும் அப்படித்தான் முடிந்தது.

நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிறது, இனி விரியாது என்று மதுரை டாக்டர் சொன்னபோது நானும் உங்கள் பக்கத்தில் இருந்தேன். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். ஏலத்தோட்டம் என்றீர்கள். பூச்சிமருந்து யார் அடிப்பது என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதற்காக உங்களோடு சண்டை போட்டவள் நான். "கூலிக்கு வர்றவன் எலையில அடிச்சுட்டுப் போயிருவான். தூருல அடிக்க மாட்டான்" என்பீர்கள். மூக்கில் நான் கட்டிவிடும் துண்டையும் மூச்சு முட்டுகிறது என்று பாதியில் கழுத்துக்கு இறக்கிவிடுவீர்கள். ராத்திரி சோற்றில் கை வைத்தால் சோறும் அந்த வாடை அடிக்கும்.

அதற்கப்புறம் மூடிய வண்டி எதுவும் உங்களுக்கு ஆகவில்லை. தேனிக்குப் போன டாக்சியில் கண்ணாடியை எல்லாம் இறக்கியும் போதாமல், ஓடுகிற வண்டியின் கதவைத் திறந்துவிட்டீர்கள். நம் ஜீப்பின் படுதாவைக் கழற்றிப் பார்த்தோம். காற்று வந்தது. ஆனால் குலுக்கலில் கிளம்பிய இருமல் மலையடிவார முந்தல் தாண்டுவதற்குள் ரத்தமாக வந்தது. திரும்பி வந்துவிட்டோம். மொட்டை மாடியில் நாற்காலி போட்டு மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பீர்கள். "ஒருதடவ தோட்டத்தப் பாத்துட்டு வந்துர்றேன் புள்ள" என்று தினமும் சொன்னீர்கள். இடுப்பளவு செடியாக வைத்து ஆள் மறைகிற அளவுக்கு வளர்த்த தோட்டம். நான் என்ன செய்ய?

அப்போதுதான் மலை மேலே மெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டீர்கள். இளவட்டமாக முதுகில் மருந்து டின்னோடு ரோட்டோரம் ஒதுங்கி நின்றபோது அந்த முதலாளியின் திறந்த கார் உங்களைத் தாண்டிப் போகுமாம். தண்ணீரில் போகிற மாதிரிப் போகுமாம், ஒரு குலுக்கல் இருக்காதாம். அதை வாங்கியே தீருவது என்று பிடிவாதம். என்னையும் பாண்டியையும் அனுப்பினீர்கள்.

ஷெட்டில் அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மூக்கு மட்டும் நம் வீட்டு நடை நீளம். பாசி பிடித்து, நிறம் என்னவென்றே தெரியவில்லை. துணிக்கூரை நார் நாராகத் தொங்கியது. பின் சீட்டில் ஒரு கோழி அடை படுத்திருந்தது. அங்கிருந்தே உங்களுக்குப் போன் செய்தேன்.

"ஏங்க, இது கார் இல்ல, கோழிக்கூடு."

"கோழி உசுரோட இருக்கா?"

"இருக்கு. கொத்த வருது."

"அப்ப எனக்கும் அது போதும். பேசி முடிச்சுட்டு வெரசா கொண்டா."

வாய்க்கொழுப்பு மட்டும் உங்களுக்குக் கடைசி வரை குறையவில்லை.

லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து குடோன் வாசலில் இறக்கினோம். பாண்டி எஞ்சினைப் பிரித்துப் போட்டான். பிரேக், ரேடியேட்டர், வயர் எல்லாமே போயிருந்தன. நீங்கள் ஆக்சிஜன் மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூக்கில் குழாயோடு, அவனை விரட்டிக்கொண்டிருந்தீர்கள். முதலில் நீளமாகத் திட்டினீர்கள். ஒரு மாதம் கழித்துத் திட்டு பாதியானது. பிறகு கையை மட்டும் ஆட்டினீர்கள். கார் ஒவ்வொரு சாமானாகத் தேறிக்கொண்டு வந்தது, நீங்கள் கரைந்துகொண்டு போனீர்கள். எது முந்தும் என்று பாண்டிக்கும் தெரிந்திருந்தது. சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகாமல் சோலி பார்த்தான்.

கூரையைத் தூக்கி இறக்கும் பம்பு வெளியூரிலிருந்து வர வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றான். "கூர வேணாம்னுதானடா இத வாங்குனேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். மலையில் எந்த நேரம் மழை வரும், எந்த நேரம் மஞ்சு இறங்கிக் கண்ணை மறைக்கும் என்று யாருக்குத் தெரியும்? நான் பாண்டியைத் தனியாகக் கூப்பிட்டு, உங்களுக்குத் தெரியாமல் பம்புக்கும் கூரைத் துணிக்கும் சொல்லிவிடு என்றேன்.

அவை வருவதற்குள் நாம் கிளம்பிவிட்டோம். உங்களால் காத்திருக்க முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

இரண்டு தலையணையைப் போட்டு நான் ஸ்டியரிங் பிடித்தேன். ஜீப் ஓட்டிப் பழகிய கைக்கு அது கார் மாதிரியே இல்லை. முந்தல் தாண்டி மேலே ஏற ஏறக் காற்று முகத்தில் அடித்தது. நீங்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அதைக் குடிக்கிற மாதிரி இருந்தீர்கள். ஒரு வளைவில்கூட இருமவில்லை. "முதலாளி மாதிரி இருக்கேனா?" என்று கேட்டீர்கள். குழாயோடு இருக்கிற முதலாளி என்றேன். அந்த ஏற்றம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். இத்தனைக்கும் பிறகும் அதை மறைக்க எனக்கு மனசில்லை.

நம் தோட்டம் தெரிகிற வளைவில் நிறுத்தச் சொன்னீர்கள். "எஞ்சின அணச்சிரு. சத்தமில்லாம கொஞ்ச நேரம் இருப்போம்" என்றீர்கள். அணைத்தேன். மஞ்சு இறங்கியிருந்தது. செடிகள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. தூரில் பூச்சரம் விட்டிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தீர்கள். விட்டிருந்தது.

அப்போது மேலே எங்கேயோ மோட்டார் ஓடத் தொடங்கியது. பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கிறார்கள். மஞ்சில் அவர்களுக்கு நாம் தெரியவில்லை, நமக்கும் அவர்கள் தெரியவில்லை. வாடைதான் முதலில் வந்தது. பிறகு மஞ்சோடு மஞ்சாக மருந்தும் இறங்கி, திறந்த காருக்குள் நம் மேல் படிந்தது. நான் கத்தினேன். மேலேயிருந்து ஒருவன், "நிக்கண்டா சேச்சி, வேகம் பொய்க்கோ!" என்று மலையாளத்தில் பதறினான், நிற்காமல் ஓடிவிடச் சொல்லி. சாவியைத் திருகினேன். சூடேறிய எஞ்சின் உறுமிவிட்டு அடங்கிப்போனது. மறுபடி திருகினேன், மறுபடி அடங்கியது.

சேலைத் தலைப்பை இழுத்து உங்கள் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தினேன். நீங்கள் பிடுங்கி எறிந்தீர்கள். மறுபடி பொத்தினேன். எழுந்து நிற்கத் தெம்பில்லாத மனுஷனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கித் தள்ளினீர்கள். "மூடாதடி" என்றீர்கள். நம் கல்யாணத்துக்கப்புறம் என்னை 'டி' போட்டது அன்றைக்குத்தான். பொத்தினால் மூச்சு நிற்கும், விட்டால் மருந்து போகும். தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூலியாட்களை ஏற்றி வந்த ஜீப் ஒன்று நம்மைக் கீழே கொண்டுவந்து சேர்த்தது. தேனி ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்தார்கள். அதையும் பிடுங்கினீர்கள். பிடுங்கப் பிடுங்க வைத்தார்கள். கடைசியில் நர்ஸ் உங்கள் இரண்டு கையையும் கட்டிலோடு துணியால் கட்டினாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. கட்டிய கையைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தோட்டத்து மருந்து படாவிட்டாலும் கொஞ்ச நாள்தான் என்று டாக்டர் ஆறுதலுக்குச் சொன்னார். அந்தக் கொஞ்ச நாளும் எனக்கு வேண்டியிருந்தது.

உங்கள் காரியம் முடிந்த பிறகுதான் கூரை சாமான் வந்தது. மலையிலிருந்து இறக்கி வந்த காரில் பாண்டி அதை மாட்டிக் கொடுத்தான். காலையில் தேவாரத்துக்காரர் கூரை வேலை செய்யுமா என்று கேட்டார். பொத்தானை அமுக்கினேன். பின்னாலிருந்து எழும்பி வந்து கச்சிதமாக மூடிக்கொண்டது. உள்ளே உட்கார்ந்து பார்த்தவர், "பொட்டுக் காத்து வராது போலயேம்மா!" என்று சந்தோஷப்பட்டார். கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கு வருத்தம் இருக்காது. கல்யாணத்துக்குத்தான் போகிறது.

இதை மட்டும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். உங்களைத் தூக்கும் முன்னால் என் அண்ணன் கோடித்துணியோடு வந்து நின்றார். அவரைத் தனியாகக் கூட்டிப்போய், "அண்ணே, முகத்த மட்டும் மூட வேணாம். சுடுகாட்டுக்குப் போயும் மூட வேணாம். அவருக்கு முட்டும்" என்றேன். பைத்தியக்காரி பேச்சு என்று தெரிந்துதான் சொன்னேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், "சரி ஆத்தா" என்றார்.

தெரு திரும்பும் வரை உங்கள் முகம் தெரிந்தது. அதற்கப்புறம் அங்கே என்ன முறை, கடைசியில் முகத்தின் மேல் எதை எதை அடுக்குவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. வாரம் தவறாமல் அண்ணன் வருகிறார். காபி கொடுக்கிறேன். ஏலக்காய் விலை பேசுகிறோம், மழை பேசுகிறோம். மூடினீர்களா என்று நான் கேட்பதில்லை. கேட்டுவிடுவேனோ என்று பயந்து அவர் டம்ளரைப் பார்த்தபடியே குடித்துவிட்டுப் போகிறார்.