மாமா சாவியைக் கொடுத்துவிட்டார்

அன்புள்ள மகள் ஷர்மினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் கை காலோடு இருக்கிறோம், அங்கே மெல்பர்ன் குளிரில் நீயும் அப்படியே இருக்க ஆத்தா பார்த்துக்கொள்வாள்.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். மாமாவின் கார் சாவியைத் திருடி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஃபேக்டரி கேண்டீன் வேலைக்குப் போனேன், கேட்டில் இரும்பைக் கண்டுபிடிக்கும் மெஷின் அலறி, செக்யூரிட்டிப் பெண் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனாள். வேறென்ன செய்ய, மாமாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு, ஓட்டாதே என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை, ஜெலுத்தோங் ரோட்டில் சிவப்பு விளக்கைப் பார்க்காமலே போனார், பக்கத்தில் நான், பாதி உயிர் அங்கேயே போச்சு. அந்தக் காலத்தில் பத்து தீகா மைதானத்துக் கார் ரேஸில் கப்பு வாங்கியவருக்குத் தங்கச்சி புத்தி சொல்லலாமா. என்கூட ஓட்டினவன் ரேஸிலேயே செத்தான், அவன் படத்துக்கு வருஷா வருஷம் மாலை போடுறீங்க, உயிரோட வந்தவன்கிட்ட சாவியைப் பிடுங்குறியா புஷ்பா என்றார். விடியுமுன் எழுந்து கேண்டீனில் மீ நூடுல்ஸ் பிரட்டிவிட்டு வந்து இவரையும் காவல் காக்க உடம்பில் தெம்பில்லை கண்ணு. மனுஷன் கடையில் வேறு சாவி வெட்டிக்கொண்டார்.

நம் ப்ளாக்கில் யார் வண்டி வாங்கினாலும் ரேஸ்காரர் கை ராசி என்று மாமாதானே முதலில் எலுமிச்சம்பழத்தில் ஏற்றுவார். ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு ஜெயலெட்சுமியின் புது வேனுக்குப் பூஜை. அத்தனை பேர் முன்னால் தடுக்கவும் வாய் வரவில்லை. அவள் பிள்ளைகள் நேர் எதிரே போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மாமா வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, முன்னால ஆள் இருக்கா என்று என்னைக் கேட்டார். அஞ்சு பேர் நிக்கிறாங்கண்ணே என்றேன். அப்புறம் வண்டியை அணைத்து இறங்கி, சட்டைப் பையிலிருந்த தன் கார் சாவியை என் கையில் வைத்தார்.

நீ போன் போட்டால் சாவியைப் பற்றிக் கேட்காதே. ரேஸ் கதையைக் கேள், எத்தனை தடவை கேட்டதாக இருந்தாலும் புதுசு மாதிரி கேளு லா, எனக்கும் காதுக்கு ஓய்வு. அவருக்கு இப்போது அதுதான் மிச்சம்.

நீ நல்லா இருக்கணும், என் ஆயுசும் உனக்குச் சேரட்டும். ஈரத் தலையோடு படுக்காதே.

சொல்ல மறந்துவிட்டேன், அன்றைக்கு, பூஜையைப் பாதியில் விடக்கூடாது, அண்ணன் இல்லேன்னா தங்கச்சி என்று பிள்ளைகளை ஓரமாக நிறுத்திவிட்டு என்னை வேனில் ஏற்றினார்கள். பழம் நாலும் நசுங்கியது. ஜெயலெட்சுமியின் தாம்பாளமும் நசுங்கியது.

இப்படிக்கு
அம்மா புஷ்பவள்ளி
சுங்கை பினாங்